மதிப்பீட்டாளரின் அத்தான்

வகுப்பறைக் கதவைத் திறந்தவுடனேயே ஜெனுஷா அவரைக் கண்டுவிட்டாள். ஜன்னலோரத்து மேசையில், நீலக் கம்பளிச் சட்டையோடு, விரல்களுக்கிடையில் பேனையை உருட்டியபடி இருந்தார். தலைமயிர் பாதிக்குமேல் நரைத்திருந்தது. கன்னங்கள் ஒட்டியிருந்தன. ஆனாலும் அந்தப் பேனை உருட்டலை அவளுக்கு நன்றாகத் தெரியும். கிளின்ரன் அத்தான். அக்கா கிறிஸ்ரியின் கணவராக இருந்தவர். குடி முற்றிப்போய், ஏழு வருடங்களுக்கு முன்னர் அக்காவே வீட்டைவிட்டு அனுப்பியவர்.

"இவர் ஜெனுஷா," என்று ஆசிரியை இங்குன் மாணவர்களுக்கு அறிமுகம் செய்தார். "நமது படிப்பு எப்படி நடக்கிறது என்று மதிப்பிட வந்திருக்கிறார். அடுத்த வருடமும் இதை நடத்துவதா இல்லையா என்று நகராட்சி முடிவெடுக்கப்போவது இவருடைய அறிக்கையைப் பார்த்துத்தான். அதற்காகப் பயந்துபோய்ப் புகழ வேண்டாம். உள்ளதைச் சொல்லுங்கள்."

எல்லோரும் சிரித்தார்கள். கிளின்ரனும் சிரித்தார். பிறகு, முன்பின் தெரியாத ஒருவருக்குக் காட்டும் மரியாதையோடு அவளைப் பார்த்துத் தலையசைத்தார். ஜெனுஷாவும் அதேபோலத் தலையசைத்தாள். கதிரையில் போய் உட்கார்ந்த பிறகுதான், வந்த இடத்தில் முதல் வேலையாக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது.

நொர்வேஜியத் தலைநகரின் ஓரத்தில், ஹவுகன்ஸ்டுவா ரயில் நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தின் மேல்மாடியில் இயங்கியது அந்தத் தொழிற்கல்லூரி. மதுவுக்கும் போதைப்பொருளுக்கும் அடிமையானவர்களோடு வேலை செய்யும் ஆலோசகர்களை உருவாக்குவது அதன் இரண்டு வருடப் படிப்பு. மாணவர்களில் பாதிப்பேர் தாதியரும் சமூகப் பணியாளர்களும். மீதிப்பேர் தாங்களே குடித்தும் ஊசி ஏற்றியும் சீரழிந்து, பிறகு மீண்டு வந்தவர்கள். இரண்டு சாராரையும் ஒரே வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் இருத்திப் படிப்பிப்பதுதான் இங்குனின் கெட்டித்தனம் என்று நகராட்சியில் பேசிக்கொண்டார்கள்.

ஜெனுஷா வேலை பார்த்த நிறுவனத்தில் ஒரு கட்டாயமான விதி இருந்தது. மதிப்பிடப் போகிற இடத்தில் சொந்தக்காரர், நண்பர் யாராவது இருந்தால் உடனே சொல்லிவிட வேண்டும். சொன்னால் வேலை வேறொருவருக்குப் போகும். இது அவள் தலைமை தாங்கிச் செய்யும் முதலாவது மதிப்பீடு. மேலதிகாரி ஹால்வார்டிடம் பலமுறை கேட்டு வாங்கியது. அன்று பின்னேரம் தான் குடியிருந்த லில்லெஸ்ட்ரோமுக்குத் திரும்பும் ரயிலில் இருக்கைகள் காலியாகக் கிடந்தும் அவள் கதவோரமாகவே நின்றுகொண்டு வந்தாள். விவாகரத்து ஆனபிறகு அத்தான் என்ன அத்தான்? சட்டப்படி அவர் அவளுக்கு யாருமில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். நாளையும் வந்தது. அதற்கடுத்த கிழமையும் வந்தது. அவள் சொல்லவில்லை.

வகுப்புகளைப் பின்வரிசையில் இருந்து கவனித்தாள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. இங்குன் நல்ல ஆசிரியை. இருவர் இருவராகப் பிரிந்து, ஒருவர் ஆலோசகராகவும் மற்றவர் உதவி தேடி வந்தவராகவும் இருந்து கதைத்துப் பழகும் பயிற்சி ஒன்று ஒவ்வொரு கிழமையும் நடந்தது. அன்றைக்குக் கிளின்ரன் ஆலோசகர். எதிரில் இருந்த இளம் தாதி, மருந்துக் குளிசைகளை நிறுத்த முடியாத ஒரு பெண்ணாக நடித்தாள்.

"எல்லாரும் என்னைத் திருத்தத்தான் வருகிறார்கள்," என்றாள் தாதி, எரிச்சலோடு.

கிளின்ரன் உடனே பதில் சொல்லவில்லை. வகுப்பே காத்திருக்குமளவுக்குப் பேசாமல் இருந்தார். பிறகு, "அது களைப்பாக இருக்குமே," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். நடிப்பதற்கென்று இருந்த தாதி ஒரு கணம் நடிப்பை மறந்து அவரையே பார்த்தாள்.

ஜெனுஷாவுக்கு அக்காவின் பழைய வீடு நினைவுக்கு வந்தது. குடிவெறியில் இந்த மனிதர் வாய் ஓயாமல் பேசுவார். யாரும் குறுக்கே ஒரு சொல் சொல்ல முடியாது. சொன்னால் கோப்பை உடையும். அதே வாய்தான் இப்போது இப்படி அடங்கிக் காத்திருக்கிறது. அவளுக்குச் சந்தோசமாக இருந்தது. அந்தச் சந்தோசமே அவளை அரித்தது. மதிப்பிட வந்தவள் இப்படிச் சந்தோசப்படலாமா?

மாணவர்களைத் தனித்தனியாகச் சந்தித்துப் பேச ஒரு சின்ன அறை கொடுத்திருந்தார்கள். படிப்பைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் வாய்நிறையப் பேசினார்கள். பிராக்சிஸ் பற்றிக் கேட்டவுடன்தான் பேச்சுச் சுருங்கியது. பிராக்சிஸ் என்பது படிப்பின் நடுவே சில மாதங்கள் விடுதிகளிலும் நிலையங்களிலும் வேலை பழகும் காலம். "நன்றாக இருந்தது. நிறையக் கற்றுக்கொண்டேன்," என்றார் ஒருவர். அடுத்தவரும் அதையே சொன்னார். வார்த்தை மாறாமல் மூன்றாமவரும் அதையே சொன்னபோது ஜெனுஷா பேனையைக் கீழே வைத்தாள்.

"உங்களோடு ஒரு மேற்பார்வையாளர் எப்போதும் இருந்தாரா?"

அந்த மூன்றாமவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "இருந்தார்," என்றாள். பிறகு எழும்பிப் போகும்போது கதவுப் பிடியில் கையை வைத்தபடி, "கிளின்ரனைக் கேளுங்கள். நான் சொன்னதாக வேண்டாம்," என்றாள்.

கிளின்ரனைக் கடைசியாகக் கூப்பிடலாம் என்றுதான் அவள் இருந்தாள். முடிந்தால் கூப்பிடாமலே விட்டுவிடலாம் என்றும் ஒரு நப்பாசை. இப்போது அதற்கு வழியில்லை.

அவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். உட்காரவில்லை.

"எப்பிடி இருக்கிறாய், ஜெனு?"

அந்தப் பெயரை அவர் வாயால் கேட்டு எத்தனை காலம்! "இருக்கிறன், அத்தான். ஏன் அண்டைக்கு என்னைத் தெரியாத மாதிரி இருந்தனீங்கள்?"

"நீ எப்பிடி இருக்கப்போறாய் எண்டு எனக்குத் தெரியாதுதானே. தெரிஞ்ச மாதிரிக் காட்டி உன்ரை வேலைக்குப் பிரச்சினை வந்தால்? நீ சொல்லுவாய் எண்டு பாத்தன். நீயும் சொல்லேல்லை."

அவள் ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்து, நொர்வேஜிய மொழிக்கு மாறி, வழமையான கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாள். அவரும் நொர்வேஜிய மொழியிலேயே சொன்னார். படிப்பு நல்லது. இங்குன் நல்லவர். பிராக்சிஸ்?

அவர் பேனை உருட்டுவதை நிறுத்தினார்.

"என்னை அனுப்பியது வீடில்லாதவர்கள் தங்கும் ஒரு விடுதிக்கு. முதல் கிழமை ஒருவர் கூட இருந்தார். பிறகு ஆள் போதாது என்று வார இறுதிகளில் என்னைத் தனியாகவே விட்டார்கள். நான் மாணவன். ஆனால் அறைகளின் திறப்புக் கொத்து என் கையில். அங்கே துரே என்று ஒருவர் இருந்தார். என் வயதுதான். ஒவ்வொரு நாளும் என்னோடு சீட்டு விளையாடுவார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வரவில்லை. போய்க் கதவைத் திறந்தேன்." அவர் நிறுத்தினார். "குளியலறையில் கிடந்தார். நெஞ்சை அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். அம்புலன்ஸ் வந்து நிறுத்தச் சொல்லும்வரைக்கும் அமுக்கினேன்."

"அதற்குப் பிறகு உங்களோடு யார் பேசினார்கள்?"

"ஒருவரும் பேசவில்லை. விடுதிப் பொறுப்பாளர் தொலைபேசியில் நன்றி சொன்னார். திங்கட்கிழமை வரமுடியுமா என்று கேட்டார்."

ஜெனுஷா கேட்கவேண்டிய அடுத்த கேள்வி நாக்கின் நுனியில் நின்றது. அதைக் கேட்கக்கூடாது என்று அவளுடைய உடம்பு முழுக்கச் சொல்லியது. அவள் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"அன்றைக்கு நான் குடித்தேன். அடுத்த நாளும் குடித்தேன். நாலு வருடத்துக்குப் பிறகு."

அவள் கை தானாகவே ஒலிப்பதிவுக் கருவியை நோக்கிப் போனது. அவர் தமிழுக்கு மாறினார்.

"நிப்பாட்டாதை. பதிவிலை இருக்கட்டும்."

"அத்தான், உங்களுக்கு விளங்குதோ? இது வெளியில வந்தால் உங்களைப் படிப்பில இருந்து நிப்பாட்டுவினம். குடிச்சது தெரிஞ்சால் பிராக்சிஸை ரத்துச் செய்யவேணும் எண்டு விதி இருக்கு."

"தெரியும். இங்குனிட்டை நானே போய்ச் சொன்னனான். அவ அழுதா. ஒருத்தருக்கும் சொல்லாதை, புதன்கிழமை வகுப்புக்கு வா, நான் பாத்துக்கொள்ளுறன் எண்டா. பாத்தும் கொண்டா. நல்ல மனுசி. ஆனால் தையிலை அடுத்த பிள்ளையளை அதே விடுதிக்கு அனுப்பப்போகினம். உங்கை இருக்கிற தாதிப் பிள்ளைக்கு இருபத்திரண்டு வயசு. அவளின்ரை கையிலயும் அந்தத் திறப்பைக் குடுப்பினம்."

"அக்காவுக்குத் தெரிய வந்தால்?"

அப்போதுதான் அவர் உட்கார்ந்தார். ஆவணி மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் ஜொவிற்றாவைப் பார்க்க அக்கா அவரை அனுமதித்திருந்தாள். ஒரே ஒரு நிபந்தனை. ஒரு துளி குடித்தாலும் எல்லாம் முடிந்தது. இது ஜெனுஷாவுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

"அதைத்தான் ஒவ்வொரு ஞாயிறும் யோசிச்சுக்கொண்டு அந்தப் பிள்ளையோட நடக்கிறன்," என்றார்.

அந்தச் சனிக்கிழமை காலையில் ஜெனுஷா ரொம்சோஸில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனாள். போகாமல் இருக்கத்தான் நினைத்தாள். ஆனால் மறுநாள் தமிழ்ப் பூசைக்குப் பிறகு தேவாலய மண்டபத்தில் விற்பதற்கு றோல்ஸ் செய்ய வருவதாக முன்பே சொல்லியிருந்தாள். கிறிஸ்ரி ஒரு முதியோர் இல்லத்தில் உதவித் தாதி. லீவு நாளிலும் அவளுக்குக் கை சும்மா இராது. மேசை நிறைய உருளைக்கிழங்குக் கறியும் அதை வைத்துச் சுருட்டும் மெல்லிய மாத்தாளும் முட்டையும் றஸ்க் தூளும் பரவிக் கிடந்தன.

ஜொவிற்றா வந்து தொலைபேசியில் படங்களைக் காட்டினாள். பனிச்சறுக்குத் திடல். கிளின்ரன் பனியில் கால் இரண்டையும் பரப்பிக்கொண்டு விழுந்து கிடந்தார்.

"அப்பா மூண்டு தரம் விழுந்தவர், சித்தி! ஒரு சின்னப் பெடியன் வந்து கைகுடுத்துத் தூக்கினவன். அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. ஹெல்ட் பின்லி!"

'சரியான வெக்கக்கேடு' என்று நொர்வேஜிய மொழியில் சொல்லிவிட்டு, அதையே பெருமையாகச் சிரித்துக்கொண்டு அவள் அறைக்குள் ஓடினாள்.

கிறிஸ்ரி ஒரு மாத்தாளில் கறியை வைத்து மடித்துச் சுருட்டினாள். கண் வேலையிலேயே இருந்தது.

"அந்த மனுசன் நீ பாக்கிற கல்லூரியிலதானே படிக்குது?"

"அங்கை ஆர் படிக்கினம் எண்டு நான் வெளியில சொல்லக்கூடாதக்கா."

"நான் என்ன பேப்பருக்கே எழுதப்போறன்? ஜொவிற்றா சொன்னவள், ஹவுகன்ஸ்டுவாவிலை எண்டு. அங்கை வேற ஆலோசகர் படிப்பு இருக்கே?" சுருட்டிய றோல்ஸை முட்டையில் தோய்த்தாள். "எப்பிடி இருக்கிறார் எண்டு மட்டும் சொல்லு. நல்லா இருக்கிறாரோ?"

"அக்கா..."

"பிள்ளை அவரோட ஒட்டிவிட்டாள், ஜெனு. பழையபடி ஏதாவது எண்டால் எனக்கு இப்பவே தெரியவேணும். பிறகில்லை. இப்ப."

சொல்லலாம். ஒரு வசனம் போதும். அக்காவுக்கு அதைத் தெரிந்துகொள்ள உரிமையில்லை என்று யார் சொல்வது? ஆனால் அந்த மூடிய அறையில், இங்கே சொல்வது இங்கேயே இருக்கும் என்று ஒவ்வொருவருக்கும் வாக்குக் கொடுத்தவள் அவள். ஜெனுஷாவின் கையில் இருந்த மாத்தாள் கிழிந்து கறி வெளியே வந்தது.

"நீங்கள் அவரைத்தான் கேக்கவேணும்," என்றாள்.

கிறிஸ்ரி தங்கையின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கிழிந்த மாத்தாளை அவள் கையிலிருந்து வாங்கிக் குப்பைக்குள் போட்டாள்.

அதன் பிறகு ஜெனுஷாவால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வீட்டில் அலுமாரிகளைத் திறந்து அடுக்கியதையே திரும்ப அடுக்கினாள். அறிக்கையைத் திறந்து பிராக்சிஸ் என்ற தலைப்பை எழுதி, அதன் கீழே ஒன்றும் எழுதாமல் மூடினாள். எழுதினால் அத்தான் படிப்பைவிட்டுப் போவார். எழுதாவிட்டால் அந்த இருபத்திரண்டு வயதுப் பெண் அந்த விடுதிக்குப் போவாள். எழுதினாலும், பின்னர் ஒருநாள் இவள் கிளின்ரனின் மச்சாள் என்று யாராவது கண்டுபிடித்தால், எழுதியது முழுவதையும் குப்பையில் போட்டுவிடுவார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் முதல்நாள் அவள் காட்டிய அந்தத் தலையசைப்பில்தான் போய் முட்டவேண்டியிருந்தது.

திங்கட்கிழமை காலை, மேலங்கியைக்கூடக் கழற்றாமல் ஹால்வார்டின் அறைக்குள் போனாள்.

"மாணவர்களில் ஒருவர் என் அக்காவின் முன்னாள் கணவர். முதல்நாளே தெரியும். சொல்லாமல் விட்டுவிட்டேன்."

ஹால்வார்ட் கத்துகிற மனிதரில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவருடைய கோபம் அவ்வளவுதான். ஆனால் அதுவே போதுமாயிருந்தது.

"ஏன்?"

"இந்த வேலையை விட்டுக்கொடுக்க மனமில்லை."

"அவரைப் பேட்டி கண்டாயா?"

"கண்டேன்."

"அதை அழித்துவிட வேண்டும். நானும் கேட்கப்போவதில்லை. மிகுதிப் பேட்டிகளை என்னிடம் தா, இனி நான் முடிக்கிறேன்." அவர் சற்று யோசித்தார். "அதில் முக்கியமாக ஏதாவது இருந்ததா?"

"அழிக்கச் சொன்ன ஒன்றைப் பற்றி நான் என்ன சொல்வது?"

"பிராக்சிஸ் பற்றி மற்றவர்கள் சொன்னது?"

"நன்றாக இருந்தது, நிறையக் கற்றுக்கொண்டோம் என்றார்கள். எல்லோரும் ஒரே மாதிரி."

"அப்படியானால் அப்படித்தான் எழுத முடியும்," என்றார் ஹால்வார்ட். "ஊகத்தை வைத்து ஒரு கல்லூரியைக் குற்றம் சொல்ல முடியாது, ஜெனுஷா."

உண்மையைச் சொன்னால் மனம் இலேசாகும் என்று நினைத்துத்தான் வந்திருந்தாள். இலேசாகவில்லை. அவள் ஒழுங்காக நடந்துகொண்டதன் பலனாக அந்த விடுதி தப்பிவிட்டது. பேட்டி அழிக்கப்பட்டதைச் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அந்த ஒரு விதி மட்டும் இப்போது அவளுக்கு உதவியது.

ஹவுகன்ஸ்டுவா நிலையத்தின் மேடையில், வகுப்பு முடிந்து வந்த கிளின்ரனைச் சந்தித்தாள். பின்னேரம்தான் ஆனாலும் நன்றாக இருட்டியிருந்தது. பனி துமித்தது. அவள் நின்ற இடத்தில் நிற்கமாட்டாமல் மேடையின் ஓரமாக நடந்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவரும் கூடவே நடந்தார்.

"அப்ப நான் சொன்னது ஒண்டுமே இல்லாமல் போச்சுது."

"ஓம். என்னாலதான், அத்தான். முதல்நாளே நான் சொல்லியிருந்தால் வேற ஆள் உங்களைக் கேட்டிருக்கும். அது அறிக்கையில நிண்டிருக்கும்."

அவர் அதை மறுக்கவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. வகுப்பில் தாதியின் முன்னால் இருந்ததுபோலப் பேசாமல் இருந்தார். ஒரு ரயில் வந்து, ஆட்களை இறக்கி ஏற்றிக்கொண்டு போனது. இருவரும் ஏறவில்லை.

"உன்ரை பெரியவரின்ரை பேர் என்ன சொன்னனீ? ஹால்வார்டோ? அவரிட்டை நான் போய்ச் சொல்லலாம்தானே?"

"சொல்லலாம். ஆனால் பேரோட சொல்லவேண்டி வரும்."

"பேரில்லாமல் சொன்னால் ஊகம் எண்டுதானே தள்ளிப்போடுவினம்."

"அக்கா?"

அவர் தொப்பியைக் கழற்றிப் பனியைத் தட்டினார். "அவளுக்கு முதல் சொல்லவேணும். நாளைக்கே போறன். நீ முந்திச் சொல்லிப்போடாதை."

"நான் சொல்லமாட்டன்."

"தெரியும்," என்றார். தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "பிள்ளையை எண்டைக்குத் திரும்பக் காட்டுவாளோ தெரியாது."

அடுத்த நாள் பின்னேரம் கிறிஸ்ரியிடமிருந்து அழைப்பு வந்தது. ஜெனுஷா வணக்கம் சொல்வதற்குக்கூட அவள் இடம் வைக்கவில்லை.

"உனக்குத் தெரியும்," என்றாள் அக்கா. "என்ரை குசினியில நிண்டு, என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு, உனக்கு எல்லாம் தெரியும்."

"ஓம், அக்கா."

"என்ரை பிள்ளையை அந்த ஆளோட தனிய அனுப்பிக்கொண்டிருந்தனான். நீ பாத்துக்கொண்டு இருந்தனீ."

"அவர் சொன்னதை நான் வெளியில சொல்ல ஏலாது. சொல்லாமல் இருந்தது எனக்கு..."

"உன்ரை வேலையைப் பற்றி எனக்குச் சொல்லாதை!"

தொடர்பு அறுந்தது. அதன் பிறகு ஜெனுஷா எத்தனை முறை அழைத்தும் அக்கா எடுக்கவில்லை. ஞாயிற்றுச் சந்திப்புகள் நின்றுபோயின. மார்கழியில், கிறிஸ்து பிறப்புக்கான நத்தார்ப் பூசையில் கிறிஸ்ரியும் ஜொவிற்றாவும் மூன்று வரிசை முன்னால் இருந்தார்கள். பூசையின் நடுவே அருகில் இருப்பவர்களுக்குச் சமாதானம் சொல்லும் நேரத்தில் ஜொவிற்றா திரும்பிச் சித்தியைப் பார்த்துக் கையசைத்தாள். கிறிஸ்ரி திரும்பவில்லை.

கிளின்ரன் சொன்னபடியே ஹால்வார்டிடம் போனார். பெயரோடு சொன்னார். அவர் சொன்ன பிறகு, கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு பேசிய அந்தப் பெண்ணும் போனாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர். விடுதியில் மாணவர்களைத் தனியாக விட்டது கிளின்ரனோடு தொடங்கியதுமில்லை, அவரோடு முடிந்ததுமில்லை என்று தெரியவந்தது. ஹால்வார்ட் அதை அறிக்கையில் எழுதினார். தாட்சண்யம் பார்க்காமல் எழுதினார் என்று அலுவலகத்தில் கதைத்தார்கள். ஜெனுஷாவை அந்த அறிக்கையைத் தொட விடவில்லை. பள்ளிக்கூடங்களின் மத்தியானச் சாப்பாடு பற்றிய ஒரு சின்ன வேலையை அவளிடம் கொடுத்தார்கள். அவள் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டாள்.

தை மாத முடிவில் ஒருநாள் ரயிலுக்குள் இங்குன் அவளைக் கண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நகராட்சி படிப்பை இன்னும் ஒரு வருடத்துக்கு நீடித்திருந்தது. எந்த மாணவரையும் எங்கும் தனியாக வேலைக்கு விடக்கூடாது, மேற்பார்வையாளர் இல்லாத இடத்துக்கு அனுப்பவே கூடாது என்ற நிபந்தனையோடு.

"அந்த விடுதி இனி மாணவர்களே வேண்டாம் என்றுவிட்டது," என்றார் இங்குன். "இன்னும் இரண்டு இடங்களும் விலகிவிட்டன. அடுத்த தடவை பாதிப் பேரைத்தான் சேர்க்க முடியும். இதற்குப் பயந்துதான் நான் வாயைத் திறக்காமல் இருந்தேன், தெரியுமா? முறைப்பாடு செய்தால் இடம் தரமாட்டார்கள். இடமில்லையென்றால் படிப்பே இல்லை."

"தன்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தீர்கள் என்று கிளின்ரன் நம்பினார்."

"நானும் அப்படித்தான் நம்பினேன்." இங்குன் கையுறைகளைப் பிசைந்தார். "ஒரு மனிதர் அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு வருகிறார். நான் இந்தத் துறையைப் படிப்பிக்கிறவள். அவரோடு உட்கார்ந்து அந்தச் சாவைப் பற்றி ஒருமணி நேரம் பேசியிருக்க வேண்டாமா? குடித்ததை எப்படி மறைப்பது என்றுதான் யோசித்தேன்."

கிளின்ரனின் பிராக்சிஸ் ரத்தாகிவிட்டது. அவர் அதை முதலிலிருந்து செய்ய வேண்டும். மற்றவர்களோடு பட்டம் பெறமாட்டார். ஆனால் வகுப்புக்கு ஒழுங்காக வருகிறார் என்று சொல்லிவிட்டு, தன் நிலையம் வந்ததும் இங்குன் இறங்கிப் போனார்.

மாசி நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கிறிஸ்ரியே அழைத்தாள்.

"இண்டைக்கு மத்தியானம் வா. சாப்பிடலாம்."

ஜெனுஷா போனாள். கிறிஸ்ரி கதவைத் திறந்துவிட்டு உடனேயே குசினிக்குத் திரும்பிவிட்டாள். அடுப்பில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சமாதானம் என்று சொல்லத்தக்க எதுவும் அவள் முகத்தில் இல்லை.

"உன்னோட எனக்கு இன்னும் கோவம்தான். முதலே சொல்லிப்போட்டன்."

"சரி, அக்கா."

"வெங்காயத்தை வெட்டு."

ஜெனுஷா வெட்டினாள். கிறிஸ்ரி குழம்பைக் கிண்டியபடி, முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள். "அந்தச் செத்த ஆளைக் கண்டபிறகு அவரோட ஒருத்தருமே கதைக்கேல்லை எண்டது உண்மையோ?"

"இப்ப அது அறிக்கையிலயே இருக்கு. ஓம், உண்மை."

"எங்கடை இல்லத்தில ஒரு கிழவி செத்தாலும் எங்களைக் கூப்பிட்டு இருத்திக் கதைப்பினம். தேத்தண்ணி தருவினம்." அகப்பையைச் சட்டி விளிம்பில் தட்டினாள். "நான் அந்த மனுசனோட ஒன்பது வருசம் இருந்தனான், ஜெனு. குடிச்சதை ஒரு நாளும் தானாச் சொன்னதில்லை. நான்தான் கட்டிலுக்குக் கீழ, கார் டிக்கிக்குள்ள, பிள்ளையின்ரை விளையாட்டுச் சாமானுக்குள்ள போத்திலைத் தேடி எடுக்கிறது. எடுத்துக் காட்டினாலும் தன்ரை இல்லையெண்டு சத்தியம் பண்ணுவார். இந்தமுறை வாசல்ல வந்து நிண்டு, தானாச் சொன்னார். நான் கத்தின கத்தலுக்குப் பக்கத்து வீட்டு மனுசி எட்டிப் பாத்தவ. அப்பவும் ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லேல்லை. நிண்டு கேட்டுப்போட்டுத்தான் போனவர்."

அவள் கண்ணைத் துடைத்தாள். வெங்காயத்தின் பக்கமே அவள் வரவில்லை.

"மன்னிச்சுப்போட்டன் எண்டு நினைக்காதை. பிள்ளையை வெளியில கூட்டிக்கொண்டு போறது இல்லை. இஞ்சை, என்ரை கண்ணுக்கு முன்னால, ஒரு மணித்தியாலம். பிறகு பாப்பம்."

அழைப்பு மணி அடித்தது. ஜொவிற்றா அறைக்குள்ளிருந்து பாய்ந்து வந்து, நடு விறாந்தையில் திடீரென்று நின்று தாயைப் பார்த்தாள்.

"போய்த் திற, ஜெனு," என்றாள் கிறிஸ்ரி. கையில் அகப்பை இருந்தது.

ஜெனுஷா போய்த் திறந்தாள். கிளின்ரன் வாசலில் நின்றார். காலிரண்டிலும் பனி அப்பியிருந்தது. அவர் அவளைத் தாண்டி உள்ளே பார்க்கவில்லை.

"உள்ளுக்கை வரலாமோ எண்டு கேளு," என்றார் மெல்ல.

குசினியில் குழம்பு கொதிப்பது மட்டும் கேட்டது.

"சப்பாத்தை வெளியில உதறிப்போட்டு வரச்சொல்லு," என்றாள் கிறிஸ்ரி. "இப்பதான் நிலம் துடைச்சனான்."

அவர் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார். விரல்கள் விறைத்திருந்ததால் முடிச்சு அவிழவில்லை. ஜொவிற்றா பொறுமையிழந்து ஓடிவந்து, தகப்பனின் காலடியில் குந்தி, அந்த முடிச்சைத் தானே இழுத்தாள்.